ஒயின் விருந்துக்கு அவர் எதற்கு வந்தார்

மகள் போனில் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வேலை பார்க்கும் ரிசார்ட்டில் சாப்பாடும் ஒயினும் சேர்ந்த ஒரு விருந்து, முழுப் பொறுப்பும் அவளுடையது, நாங்கள் இரண்டு பேரும் கண்டிப்பாக வரவேண்டும். வழக்கமாகச் சொல்வதுபோல அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே, "வாறோம்னு சொல்லு" என்றார்.

கல்யாணம் என்றால் ஆலயத்தில் ஜெபம் முடிந்ததும் சாப்பிடாமல் வண்டியைத் திருப்புகிற மனிதர் அவர். கிறிஸ்மஸுக்குத் தங்கை வீட்டுக்குக்கூடப் போவதில்லை, அங்கே திராட்சை ஒயின் ஊறப்போட்ட பரணியைத் திறப்பார்கள் என்று. நாலு வருடமாக அப்படித்தான். அப்படிப்பட்டவர் ஒயினுக்கென்றே நடத்துகிற விருந்துக்கு ஒரே வார்த்தையில் சரி என்கிறார் என்றால் நான் என்ன நினைப்பது?

பதினெட்டு வருடம் வளைகுடாவில் கிரேன் ஓட்டியவர். அங்கே இருந்தவரை தொட்டதில்லை. ஊருக்கு வந்து கோட்டாறில் பெயிண்ட் கடை வைத்த பிறகு பழகிக்கொண்டார். முதலில் கடை மூடியபின், பிறகு கடை திறக்குமுன், பிறகு கடையே திறக்காமல். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தைந்து வருடமாக வேலை பார்ப்பவள். ஊரார் ரத்தத்தையெல்லாம் எடுத்தவள், என் வீட்டுக்காரரின் ரத்தத்தைக் குளியலறைத் தரையில்தான் முதலில் பார்த்தேன். வாந்தியெடுத்திருந்தார். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். ஈரலில் மிச்சம் இருக்கிறது கொஞ்சம், இனி ஒரு தடவை ஆரம்பித்தால் அதுவும் போய்விடும், அதன்பிறகு இங்கே கொண்டு வருவதில் அர்த்தமில்லை என்றார்.

நிறுத்திவிட்டார். யாரும் நம்பவில்லை. நானும்தான். நம்பாததால்தான் காவலுக்கு நின்றேன். கழிவறைத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கைவிடுவேன். தலையணையை முகர்ந்து பார்ப்பேன். பெயிண்ட் கடைக்காரனின் மூச்சை முகர்ந்து எதையாவது கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமா? தின்னர் வாடையில் என் மூக்கே செத்துப்போயிருந்தது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரை உட்கார வைத்து ரத்தம் எடுத்துவிடுவேன். மனிதர் முணுமுணுக்காமல் கையை நீட்டுவார். ஒவ்வொரு தடவையும் எண்கள் நன்றாகவே வரும். ஒவ்வொரு தடவையும் அந்தத் தாளை இரண்டு தரம் வாசிப்பேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும், எல்லோருக்கும் ஒரே கிண்ணத்தில் திராட்சரசமும். அந்த ஒரு வாய்க்குக்கூட அவர் முன்னே போவதில்லை, இருக்கையிலேயே இருந்துவிடுவார். போதகரிடம் மட்டும் காரணம் சொல்லியிருந்தார். சபையில் ஒருவன் திருவிருந்துக்கு எழும்பவில்லை என்றால் அவனுக்கு யாரோடோ தீராத வழக்கு இருக்கிறது, இல்லையென்றால் வெளியே சொல்ல முடியாத பாவம் இருக்கிறது என்றுதான் எங்கள் ஜனம் எடுத்துக்கொள்ளும். என் மதினி ஒருநாள் நேரடியாகவே கேட்டாள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். அந்த ஒரு வாய் அவர் நாக்கில் படுவதைவிட ஆயிரம் பேர் பேசுவது மேல்.

அந்த வாரம் முழுக்க நான் செய்யாத தந்திரம் இல்லை. முட்டி வலிக்கிறது என்றேன். நீ வீட்டில் இரு, நான் மட்டும் போய்வருகிறேன் என்றார். அதைக் கேட்டதும் முட்டி வலி போன இடம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சலூனுக்குப் போய் வந்தார். சனிக்கிழமை கண்ணாடி முன்னால் நின்று மீசைக்கு மை தடவினார். பழைய சிநேகிதனைப் பார்க்கப் போகிறவன்போல இருக்கிறாரே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எந்தச் சிநேகிதன் என்று எனக்குத்தான் தெரியுமே.

போனிலேயே மகளிடம் சண்டைக்குப் போனேன். குடிக்கிறவன் குடிக்கிறான், குடிக்காதவன் ஆலயத்துக்குப் போகிறான், இந்த ஊரில் ஒயினை ருசித்துப் பார்க்க எவள் வருவாள், எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். அவள் சிரித்தாள். இருபத்தாறு வயது, வெளியூரில் ஓட்டல் படிப்பு படித்தவள், ஒன்றரை வருடமாக இந்த ரிசார்ட்டில் இருக்கிறாள். அங்கேயே தங்கல், மாதத்தில் இரண்டு ஞாயிறு வீட்டுக்கு வருவாள். இதற்கெல்லாம் யாரும் சாப்பிடவோ குடிக்கவோ வருவதில்லை என்று எனக்குப் பாடம் நடத்தினாள். பெட்டியில் கிடக்கும் நல்ல துணியைக் கட்டிக்கொள்ள வருவார்கள். மற்றவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்க வருவார்கள். மறுநாள் நாலு பேரிடம் சொல்ல ஒரு விஷயம் வேண்டும், அதற்காக வருவார்கள்.

"வீட்டுல ரெண்டு பேரும் பேசிக்கிட ஒண்ணும் இல்லாதவங்க வருவாங்கம்மா. தட்டுல இருக்கதப் பத்தியாவது பேசலாம்லா."

எனக்குச் சுருக்கென்றது. அப்பாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவருக்குத் திராட்சை ஜூஸ் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், யாரும் கேள்வி கேட்காதபடி அதே கிளாஸில் ஊற்றித் தருகிறேன் என்றாள் பிறகு. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கு அன்று இரவு தூக்கம் போனது அதனால்தான். அதே நிறம், அதே கிளாஸ். எது எது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே கிளம்பினோம். காரை அவர்தான் ஓட்டினார். காற்றாலைகள் ஒன்றுபோலச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் மனசுக்குள் ஜெபித்துக்கொண்டும், ஓரக்கண்ணால் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டும் போனேன். எச்சில் விழுங்குகிறாரா என்று பார்த்தேன். விழுங்கினார். எல்லோரும்தான் விழுங்குகிறார்கள், அது வேறு.

ரிசார்ட் கடலை ஒட்டியது. புல்தரையில் நின்றால் தூரத்தில் வட்டக்கோட்டையின் மதில் தெரியும். பெரிய ஓலைப்பந்தல் போட்டு மேசைகள் வைத்திருந்தார்கள். மீன் புளிமுளம் என்கிற புளிக்குழம்பு, மரச்சீனிக் கிழங்கு, கோழி வறுவல், அப்பம் என்று எல்லாம் நம் வீட்டுச் சாப்பாடுதான். ஆனால் அதை உள்ளங்கை அளவுக்கு வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இதற்கு இந்த ஒயின் என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு, கிளாஸின் தண்டைப் பிடித்துச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்து, பக்கத்தில் இருந்த வெள்ளிப் பாத்திரத்தில் துப்பிக் காட்டினார். நம்மாட்கள் அதைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் அந்தப் பாத்திரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அதில் மீன்முள்ளைப் போட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து அடுத்த மேசையும் போட்டது. வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

மகள் சொன்னது சரிதான் என்று அங்கே தெரிந்தது. ஒரு டாக்டர் தம்பதி ஒவ்வொரு தட்டையும் படம் எடுத்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை. விடுமுறைக்கு வந்த வளைகுடாக் குடும்பம் ஒன்று, சத்தமாக, நாங்கள் இதைவிட நல்லதெல்லாம் பார்த்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம். பேப்பரில் எங்கே விருந்து விளம்பரம் பார்த்தாலும் போய்விடுவாராம், ஒயினும் பிடிக்காது, ஒன்றும் பிடிக்காது, வீட்டில் ஒற்றைக்கு எத்தனை நாள் தின்பது என்றார். எங்கள் சபைக் கமிட்டியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். என்னைக் கண்டதும் கிளாஸைப் பூச்சட்டிக்குப் பின்னால் வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்துகொண்டோம்.

எல்லோரும் எதற்கு வந்தார்கள் என்று தெரிகிறது. என் மனிதர் எதற்கு வந்தார்? அவர் தட்டில் கைவைக்கவில்லை. படம் எடுக்கவில்லை. கண் மட்டும் பந்தலுக்குள் அங்கேயும் இங்கேயும் போய்க்கொண்டே இருந்தது. பாட்டில்கள் போகிற திசையிலெல்லாம் அந்தக் கண் போகிறது என்றுதான் எனக்குப் பட்டது.

மகள் ஒருதடவை வந்து எட்டிப் பார்த்தாள். கறுப்புக் கோட்டு, இறுக்கிய கொண்டை, காதில் ஒயர். என் பிள்ளைதானா என்று இருந்தது. அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு ஓடினாள். அவள் அனுப்பிய ஜூஸ் வந்தது, அதே மாதிரிக் கிளாஸில். கொண்டுவந்த பெண் ஜூஸ் என்றுதான் சொன்னாள். அவள் சொன்னால் ஆயிற்றா? அவர் கைக்குப் போகுமுன் நான் வாங்கினேன். முகர்ந்து பார்த்தேன், புரியவில்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்துவிடுவோம் என்று கிளாஸை இரண்டு கையாலும் ஏந்தினேன். என்னை அறியாமல் இடதுகை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டது. கண்ணும் மூடிக்கொண்டது, ஒரு வாய் உள்ளே போனது. எங்கள் பெண்களுக்கு இந்த நிறத்தில் ஒன்று உதட்டுக்கு வருவது திருவிருந்தில் மட்டும்தான். அப்போது முக்காடு போட்டுப் போட்டு கைக்கு அதுவே பழக்கம்.

பக்கத்து மேசையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். இன்ஜினியர்கூடச் சிரித்துவிட்டார். பூச்சட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. முக்காட்டை எடுத்து, அது ஜூஸ்தான் என்று அசடு வழியச் சொல்லி, கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால், அவர் நாற்காலியில் இல்லை.

கழிவறைப் பக்கம் போய் வெளியே நின்றேன். வந்தவர் வேறு யாரோ. வண்டி நிறுத்திய இடத்துக்கு ஓடினேன். வண்டி இருந்தது, அவர் இல்லை. கடற்கரைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கர்த்தாவே, நாலு வருடம் காப்பாற்றினீரே, இன்றைக்கு ஒருநாள் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, காவலாளி என்னம்மா என்று கேட்டார்.

பந்தலுக்குப் பின்னால் சமையல் கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கூடாரம். அதற்குள்தான் ஒயின் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். திரையை விலக்கினேன். சுற்றிலும் இடுப்பளவுக்குப் பெட்டிகள். நடுவில் என் வீட்டுக்காரர் நின்றார். கையில் கிளாஸ். பாதி காலியாக இருந்தது.

கத்தக்கூட முடியவில்லை, குரல் காற்றாகத்தான் வந்தது.

"இதுக்குத்தானே வந்தீங்க. சாகதுக்கு எனக்க பிள்ள நடத்துற விருந்துதான் கெடச்சுதா உங்களுக்கு?"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுத முடியாதவை. முப்பது வருடத்தில் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் வரிசையாக வந்தது. பெட்டி எடுக்க வந்த ஒரு பணியாளர் திரும்பிப் போய்விட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது என் வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார்.

"இது நான் குடிச்சதில்ல. அவ குடிச்சது."

எவள் என்று கேட்டேன். நிஜமாகவே எனக்குப் புரியவில்லை.

அவர் கடைசி வரிசைப் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினார். பின்னால், மணலில், இன்னும் இரண்டு கிளாஸ்கள் இருந்தன. காலி. நாங்கள் வந்த பிறகு மகள் நாலு தடவை இந்தக் கூடாரத்துக்குள் போய் வந்தாளாம். பந்தலுக்குள் அங்கேயும் இங்கேயும் போன அந்தக் கண் பாட்டிலின் பின்னால் போகவில்லை, மகளின் பின்னால் போயிருக்கிறது.

அவள் வேலையே அதுதானே, ருசி பார்க்காமல் எப்படி ஊற்றிக்கொடுப்பாள் என்று வாதாடினேன். தாய்க்கு வக்கீல் வேலை தானாக வந்துவிடும்.

"ருசி பாக்கவ நாலு பேருக்கு முன்னால நின்னு பாப்பா. பெட்டிக்குப் பின்னால கொண்டு ஒளிக்க மாட்டா. நான் ஒளிக்காத எடமா?"

பிறகு அவர் சொன்னதை நான் நின்றபடி கேட்டேன், உட்கார ஒரு பெட்டி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. போன மாதத் திருவிருந்துக்கு மகள் வந்திருந்தாள். நானும் அவளும் பலிபீடத்துக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தோம். நான் முக்காட்டுக்குள் கண்ணை மூடி இவருக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். இவர் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் கிண்ணத்தை மகளின் வாயருகே கொண்டுவந்ததும் அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாளாம். ஒரு வாயோடு விடவில்லை. போதகர் இழுத்தும் விடவில்லை. அதன்பிறகு அடுத்தவருக்குக் கொடுக்க அவர் திரும்பிப் போய்க் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தார். எனக்குக் கொடுத்தபின் அவளிடத்தில் நேரமானது எனக்கும் ஞாபகம் இருந்தது. ஏன் என்று நான் கண் திறந்து பார்க்கவில்லை.

"கிண்ணத்த அப்படிப் பிடிக்குற கைய எனக்குத் தெரியும். அதுதான் வந்தேன்" என்றார்.

எனக்கு ஒவ்வொன்றாக வந்தது. வீட்டுக்கு வருகிற ஞாயிறுகளில் ஆலயம் முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சாயங்காலம் வரை தூங்குவாள். ஓட்டல் வேலை, நின்று நின்று களைப்பு, பாவம் என்று ஆட்டுக்கால் சூப்பு வைத்துக்கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வாள், நான் நிரப்பித் தருகிறேன் என்றால் சிடுசிடுப்பாள். சுத்தம் பார்க்கிற பிள்ளை என்று மதினியிடம் பெருமை பேசினேன். என் அலமாரியில் நாலு வருடத்து ரத்த அறிக்கைகள் தேதிவாரியாக இருந்தன, எல்லாம் ஒரே ஆளுடையவை. வீட்டுக்குள் அது வந்துவிடக்கூடாது என்று ஒரு வாசலில் உட்கார்ந்து காவல் காத்திருக்கிறேன், பைத்தியக்காரி. இன்னொரு வாசலில் வந்தவளுக்கு நானே கதவைத் திறந்து சூப்பும் கொடுத்திருக்கிறேன்.

திரை விலகியது. மகள். எங்களைப் பார்த்தாள், அப்பாவின் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தாள், நகர்ந்திருந்த பெட்டியைப் பார்த்தாள். ஒரு நொடிதான். உடனே விருந்தினருக்குச் சிரிக்கிற சிரிப்பு முகத்தில் வந்தது. எனக்கு அதைப் பார்க்கத்தான் அதிகம் பயமாக இருந்தது. புது ஒயின் வந்தால் பார்த்துவிட்டுத்தான் மேசைக்கு அனுப்ப வேண்டும், துப்பப் பாத்திரம் இல்லாததால் அப்படியே வைத்துவிட்டேன் என்று மளமளவென்று சொன்னாள். நன்றாகவே சொன்னாள். அவர் கிளாஸில் இருந்ததை மணலில் ஊற்றினார். அதன்பிறகுதான், சின்னப் பிள்ளையில் அவளைக் கூப்பிடுகிறபடி கூப்பிட்டுப் பேசினார்.

"மக்களே, நீ எப்பம் தொடங்கின?"

சிரிப்பு போய்விட்டது. அவள் பத்து வயதில் அவரைப் பார்க்கிற அதே முகத்தோடு, அப்போது என்னென்ன பார்த்தாளோ அதையெல்லாம் கண்ணில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்களா எனக்குச் சொல்லுது?"

அவர் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு அவர் வீட்டிலிருந்தே பதில் தயார் செய்துகொண்டு வந்திருக்க வேண்டும். நான்தான் சொல்ல வேண்டும், வேறு யாருக்கும் இது கண்ணில் படாது என்றார். அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஐந்து நிமிடத்தில் மேடையில் பேச வேண்டும், எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம், இன்றைக்கு என் பெயரைக் கெடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே கோட்டுப் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து வாயில் போட்டாள். போய்விட்டாள்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். மூடி திறந்த பாட்டில்கள் எங்கேயோ இருந்தன, அந்தக் கூடாரம் முழுக்க வாடை. மணலில் ஊற்றியதும் சேர்ந்து அடித்தது. அவர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"நீ அவளுக்கு கிட்ட போ" என்றார்.

உங்களையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று கையைப் பிடித்தேன். அவர் வரவில்லை. நான் மேடைப் பக்கம் வந்தால் அவளுக்கு இன்னும் வெறி வரும், மேடையிலிருந்து இறங்கியதும் அவள் நேரே இந்தக் கூடாரத்துக்குத்தான் வருவாள், அப்போது இங்கே ஒரு ஆள் நிற்க வேண்டும் என்றார். அது நியாயம்தான். ஆனால் எந்த ஆள்? உலகத்தில் வேறு ஆளே இல்லையா அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் காவலுக்கு நிற்க? நான் நிற்கிறேன், நீங்கள் போங்கள் என்றேன். தலையை ஆட்டினார்.

"பேடி எனக்கும் உண்டு, பயமில்லாம இல்ல. வாடை மூக்குல அடிச்சிட்டுத்தான் இருக்கு. ஆனா நாலு வருசமா நீ என்னத்தான் பாத்த. இனி என்ன விடு, அவளப் பாரு."

அந்தத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது நான்தான் என்று இன்றைக்கும் எனக்கே நம்பிக்கை இல்லை. பந்தல் வரைக்கும் அறுபது அடி இருக்கும். ஒவ்வொரு அடிக்கும், இப்போது மூடியைத் திருகியிருப்பார், இப்போது வாயில் வைத்திருப்பார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. திரும்பினால் திரும்பவும் அங்கேயே ஓடிவிடுவேன் என்று தெரிந்ததால் கழுத்தை விறைத்துக்கொண்டு நடந்தேன்.

மேடைக்குப் பக்கத்தில் படி இருக்கிற இடத்தில் போய் நின்றேன். மகள் பேசிக்கொண்டிருந்தாள். தமிழும் ஆங்கிலமும் கலந்து, எல்லோரையும் சிரிக்க வைத்து, நம் ஊர் மீனையும் மரச்சீனியையும் பற்றிச் சொன்னாள். அவள் குரலில் ஒரு பிசிறு இல்லை, நிற்பதில் ஒரு கோணல் இல்லை. அந்த டாக்டர் தம்பதி கைதட்டினார்கள். இன்ஜினியர் எழும்பி நின்று தட்டினார். இவ்வளவு நன்றாக ஒளிக்கத் தெரிந்தவளை நான் எங்கே போய்ப் பிடிப்பேன் என்று வெப்ராளமும் பதைப்புமாக வந்தது. கடைசியில் எல்லோரும் கிளாஸை உயர்த்துங்கள் என்றாள். உயர்த்தினார்கள். அவள் கையிலும் ஒன்று இருந்தது, நிறைய.

அதைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினாள். நான் குறுக்கே நின்று மணிக்கட்டைப் பிடித்தேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கண் என் தோளுக்கு மேலே போய் யாரையோ தேடியது.

"அப்பா எங்க? அந்தப் பெட்டிக்கு கிட்ட ஒத்தைக்கா விட்டுட்டு வந்தீங்க?"

சின்ன வயதில் வாசலில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டு பேசுகிற குரல். அவள் உதடெல்லாம் வெளுத்துவிட்டது. போங்கம்மா, சீக்கிரம் போய்ப் பாருங்க, போங்க என்று என்னை மறுகையால் தள்ளினாள். என்னை அங்கிருந்து அனுப்பிவிட வேண்டும் என்பதும் அந்தக் குரலில் இருந்தது, அப்பாவை நினைத்து உயிர் பதறுவதும் இருந்தது. இரண்டும் நிஜம். எதை எதிலிருந்து பிரிப்பேன்?

அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, கிளாஸை வாங்கி, படிக்குப் பக்கத்து மேசையில் வைத்தேன். அது சிந்தி என் சேலையில் கொட்டியது. "அம்மா, அப்பா" என்றாள் மறுபடியும். நான் போகவில்லை.